ஒளியின் வேகத்தை ஓர் அதிர்வு ஆள்வது எப்படி?

குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் வந்து மோதும் பெரிய அலைகளிற் பல, தெற்கே வெகு தொலைவில் வீசிய புயல்கள் கிளப்பிவிட்டவை. அத்தகைய புயல் ஒன்று நம் கரையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வீசியது என்றும், 12 வினாடிக்கு ஒரு முகடு என்ற கணக்கில் அலைகளை எழுப்பியது என்றும் வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அத்தகைய அலையின் ஒவ்வொரு முகடும் வினாடிக்குச் சுமார் 18.7 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை வைத்து வகுத்துப் பார்த்தால் அலைகள் 30 மணி நேரத்தில் கரை சேர வேண்டும். ஆனால் அவை வந்து சேர ஏறக்குறைய 60 மணி நேரம் ஆகும். கணக்கில் பிழை இல்லை. முகடுகள் ஓடும் வேகம் வேறு, அலைக்கூட்டம் நகரும் வேகம் வேறு என்பதே காரணம். கூட்டத்தின் பின்புறத்தில் புதிதாக ஒரு முகடு எழுகிறது. அது கூட்டத்தினூடே முன்னேறி, முன்புறத்தை அடைந்ததும் தேய்ந்து மறைகிறது. முகடுகள் இவ்வாறு ஓடிக்கொண்டே இருக்க, கூட்டம் மட்டும் அவற்றின் பாதி வேகத்தில் ஆற்றலைச் சுமந்து வருகிறது. டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்து வாழ்ந்த நம் முன்னோர் கடலைப் பார்த்துக் காத்திருந்ததும் இந்த அலைக்கூட்டங்களின் வரவைக் கணித்துத்தான் இருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

இந்த இரண்டு வேகங்களையும் பிரித்தறிந்து கொண்டவருக்கு, "ஒளியின் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்ற செய்தி குழப்பம் தராது. முகட்டின் வேகத்தைக் கட்ட வேகம் என்றும், கூட்டத்தின் வேகத்தைக் குழு வேகம் என்றும் இயற்பியல் அழைக்கிறது. வெற்றிடத்தில் ஒளிக்கு இரண்டும் ஒன்றே: வினாடிக்கு 299,792,458 மீட்டர். 1983 முதல் மீட்டர் என்ற அளவே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. ஆகவே அதை எவரும் மாற்றப் போவதில்லை. கண்ணாடி, நீர், வாயு போன்ற ஓர் ஊடகத்துக்குள் ஒளி நுழைந்த பிறகுதான் இரு வேகங்களும் பிரிகின்றன. அங்கே நாம் மாற்றக்கூடியது குழு வேகம். அதாவது, ஒரு செய்தியைத் தாங்கிச் செல்லும் ஒளித்துடிப்பின் உச்சி எப்போது மறுமுனைக்கு வந்து சேர்கிறது என்பது.

ஒளித்துடிப்பு என்பது என்ன? சற்றே வேறுபட்ட அதிர்வெண்களைக் கொண்ட பல அலைகள் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. அவற்றின் முகடுகள் அனைத்தும் எந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றனவோ அங்கே ஒளி செறிந்து தோன்றுகிறது. மற்ற இடங்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தப் பொருத்தம் நிகழும் இடமே துடிப்பின் உச்சி. இப்போது அந்த அலைகள் ஓர் ஊடகத்தைக் கடக்கும்போது, அதிர்வெண் சிறிது கூடினாலும் ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தில் ஓடுவதைவிட முகடுகள் அங்கே எத்தனை மடங்கு மெதுவாக ஓடுகின்றன என்பதைக் காட்டும் எண்) வெகுவாகக் கூடுமாறு அந்த ஊடகம் அமைந்திருந்தால், ஒவ்வோர் அலையும் வெவ்வேறு அளவுக்குப் பின்தள்ளப்படும். முகடுகள் பொருந்தும் கணம் தள்ளிப்போகும். ஒளிவிலகல் எண் எவ்வளவு பெரியது என்பது இங்கே முக்கியமில்லை. நீருக்கு 1.33, வைரத்துக்குச் சுமார் 2.4, அவ்வளவுதான். அதிர்வெண்ணோடு அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதே துடிப்பின் தாமதத்தை முடிவு செய்கிறது. தொடக்கநிலை வாசகர் வேறெதை மறந்தாலும் இந்தச் செங்குத்தான ஏற்றத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இனி வரும் அனைத்தும் அதை உண்டாக்கும் வழிகளைப் பற்றியதே.

ஒரு பொருள் எந்த அதிர்வெண்ணை விழுங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதும், அதன் ஒளிவிலகல் எண் எப்படி ஏறி இறங்குகிறது என்பதும் தனித்தனியானவை அல்ல. ஒன்றைச் சொன்னால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம் என்பதை 1920களில் கிராமர்ஸ், குரோனிக் என்ற இருவரும் காட்டினர். இதன்படி, ஒளியை முழுதாக விழுங்கும் ஓர் அதிர்வெண் பட்டையின் நடுவே மிகக் குறுகிய சாளரம் ஒன்றைத் திறந்து, அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் புகவிட்டால், அச்சாளரத்துக்குள் ஒளிவிலகல் எண் செங்குத்தாக ஏறியே ஆக வேண்டும். சாளரம் எவ்வளவு குறுகியதோ ஏற்றம் அவ்வளவு செங்குத்து.

அணுக்களில் இத்தகைய சாளரத்தை 1991இல் ஸ்டான்ஃபர்டில் ஸ்டீஃபன் ஹாரிஸும் அவர்தம் உடனுழைப்பாளரும் ஸ்ட்ரான்சியம் ஆவியில் திறந்து காட்டினர். ஒரு லேசர் கற்றையைச் செலுத்தினால், அதுவரை மற்றொரு கற்றையை விழுங்கிக்கொண்டிருந்த ஆவி அதைத் தடையின்றிப் போகவிட்டது. 1999இல் லீனா ஹௌ தலைமையிலான குழு, மிகக் கடுங்குளிரில் வைத்த சோடியம் அணுக்களில் இதே உத்தியைக் கையாண்டு, ஒளித்துடிப்பின் வேகத்தை வினாடிக்கு 17 மீட்டராகக் குறைத்தது. மணிக்கு 61 கிலோமீட்டர் என்று சொன்னால் நமக்கு எளிதில் பிடிபடும்: தென்னாப்பிரிக்காவில் ஊருக்குள் வாகனங்களுக்கு விதித்திருக்கும் வேக வரம்பு 60. அந்த அளவுக்கு ஒளி மெதுவாகச் சென்றது. இரண்டே ஆண்டுகளில், 2001இல், ஒளித்துடிப்பை முழுதாக நிறுத்தி மீண்டும் விடுவித்தும் காட்டினார்கள்.

இவ்வளவு அருமையான உத்திக்கு ஒரு குறை உண்டு. சாளரத்தை எந்த நிறத்தில் திறப்பது என்பதை அணுவே தீர்மானிக்கிறது. சோடியத்துக்கு 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி. அதை நாம் மாற்ற இயலாது. கடலடியிலும் தெருவோரத்திலும் ஓடும் கண்ணாடி இழைகளில் செய்திகள் பெரும்பாலும் 1,550 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியில் பயணம் செய்கின்றன. அந்த ஒளிக்கு ஏற்ற அணுவைத் தேடி அலைவதை விட, நாமே வேண்டிய அளவுக்குச் செதுக்கிக்கொள்ளக்கூடிய ஒன்று அணுவின் வேலையைச் செய்யுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதிரும் சிறு பொருள் ஒன்று அதைச் செய்கிறது. ஒளியும் இயந்திர அதிர்வும் ஒன்றையொன்று ஆட்டுவிக்கும் அமைப்புகளைப் பற்றிய இத்துறையை ஆப்டோமெக்கானிக்ஸ் என்கிறார்கள். தமிழில் ஒளி-இயந்திரவியல் என்று சொல்லலாம்.

ஒளி ஒரு பொருளைத் தள்ளும் என்பது பழைய எண்ணம். வால்மீன்களின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர், சூரிய ஒளியே அதைத் தள்ளுகிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கை இந்த அழுத்தத்தின் அளவைச் சொன்னது. ரஷ்யாவில் லெபதேவும் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் ஆகியோரும் 1901ஐ ஒட்டி அதை அளந்தும் காட்டினர். ஆனால் அது மிக மிகச் சிறியது. ஒரு வாட் ஒளி ஓர் ஆடியில் பட்டு முழுதாகத் திரும்பினால் அது தரும் விசை, ஓர் எள்ளின் எடையில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. இதைப் பயனுள்ளதாக்க இரண்டு வழிகளை ஒன்றாகக் கையாள வேண்டும்: தள்ளப்படும் பொருளை நுண்ணியதாக்குவது, அதே ஒளியைத் திரும்பத் திரும்பத் தள்ளவைப்பது.

அதற்கு ஒளியறை வேண்டும். எதிரெதிரே நிற்கும் இரண்டு சிறந்த ஆடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்த ஒளி அவற்றிடையே பல்லாயிரம் முறை போய் வரும். ஆனால் எல்லா ஒளியும் நுழைய முடியாது. இரு ஆடிகளுக்கிடையே உள்ள தூரத்தில் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கினால்தான் அந்த ஒளி உள்ளே பெருகும். அதை அந்த அறையின் ஒத்ததிர்வு என்கிறோம். இப்போது ஓர் ஆடியை மட்டும் மிக இலேசான வில்லில் பொருத்திவிடுவோம். ஒளி தள்ளினால் ஆடி நகரும். ஆடி நகர்ந்தால் அறையின் நீளம் மாறும். நீளம் மாறினால் எந்த ஒளி உள்ளே பெருகலாம் என்பது மாறும். அது மாறினால் தள்ளும் விசையும் மாறும். ஒளியும் அதிர்வும் இவ்வாறு ஒன்றின் கையை மற்றொன்று பற்றிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடங்களில் உண்மையில் இருப்பது இந்த ஆடிகளும் வில்லும் அல்ல. சிலிக்காவால் ஆன நுண்ணிய வளையமாகவோ, வரிசையாகத் துளையிட்ட சிலிக்கன் சட்டமாகவோ அது இருக்கும். ஒரே துண்டுப் பொருளே ஒளியைச் சிறைப்பிடிக்கவும் செய்யும், அதிரவும் செய்யும். எனினும் ஆடியும் வில்லுமாக நினைத்துக்கொள்வது தவறாகாது. கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

இனி மையமான இடத்துக்கு வருவோம். தம்புராவின் இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, அவை முழுதாகச் சேருமுன் ஒலி எழும்பித் தாழ்ந்து, எழும்பித் தாழ்ந்து விம்முவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த விம்மல் வினாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே இரு தந்திகளின் அதிர்வெண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. இரண்டு ஒளிக்கற்றைகளை ஒரே அறைக்குள் விட்டாலும் இதுவே நடக்கும். ஒன்று வலிமையானது, அதைக் கட்டுப்பாட்டுக் கற்றை என்போம். மற்றது மெலிந்தது, செய்தியைத் தாங்கி வருவது. அதைச் செய்திக்கற்றை என்போம். செய்திக்கற்றையின் அதிர்வெண் அறையின் ஒத்ததிர்வோடு பொருந்தியிருக்கிறது. கட்டுப்பாட்டுக் கற்றையின் அதிர்வெண்ணோ அதைவிடச் சற்றுக் குறைவு; எவ்வளவு குறைவு என்றால், ஆடி தன் இயல்பில் அதிரும் அதிர்வெண் எவ்வளவோ மிகச் சரியாக அவ்வளவு.

அப்படியானால் அறைக்குள் இருக்கும் ஒளி ஆடியின் சொந்தத் தாளத்திலேயே விம்முகிறது. ஒளி தரும் அழுத்தமும் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது ஆடும் தாளம் அறிந்து விரல் நுனியால் தள்ளினாலே ஊஞ்சல் உயர எழும்புமல்லவா? அதுபோல, நாலாயிரத்தில் ஒரு பங்கு எள்ளின் எடையைவிடவும் சிறிய விசையானாலும், தாளம் தப்பாமல் தள்ளுவதால் ஆடி அதிரத் தொடங்குகிறது.

அதிரும் ஆடியில் பட்டுத் திரும்பும் கட்டுப்பாட்டு ஒளி, அந்த அதிர்வின் அதிர்வெண்ணையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டு ஒளியின் அதிர்வெண்ணுடன் ஆடியின் அதிர்வெண்ணைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? செய்தி ஒளியின் அதிர்வெண்ணேதான். ஆக, அறைக்குள் ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு ஒளிகள் இப்போது உள்ளன: வெளியிலிருந்து வந்த செய்தி ஒளி ஒன்று, ஆடியின் அதிர்வால் கட்டுப்பாட்டு ஒளியிலிருந்து பிறந்த ஒளி மற்றொன்று. இவற்றுள் ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தோடு பொருந்துவதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அறைக்குள் செய்தி ஒளி பெருக இயலாமற் போகிறது. பெருகவில்லையாதலால் அறை அதை விழுங்கவும் இயலவில்லை. செய்தி ஒளியை அறைக்குக் கொண்டுவரும் இழை அறையின் அருகிலேயே ஓடுகிறது; அதன் வழியே அது தடையின்றிக் கடந்து செல்கிறது. விழுங்கும் பட்டையின் நடுவே சாளரம் திறந்துவிட்டது. இதுவே ஒளி-இயந்திரவியலால் தூண்டப்படும் ஒளிபுகுதன்மை எனப்படுவது. இதன் அழகை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுப்பதில்லை: செய்தி தன் வழியைத் தானே திறந்துகொள்கிறது, ஏனெனில் அதுவும் சேர்ந்து விம்மினால்தான் ஆடி அதிர்கிறது.

அந்தச் சாளரம் ஏன் குறுகியது? ஒளி அறையிலிருந்து விரைவில் கசிந்துவிடும். ஆனால் நன்றாகச் செய்யப்பட்ட நுண்பொருளின் அதிர்வு, கோயில் மணியின் கார்வைபோல, ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்த பிறகே அடங்கும். நெடுநேரம் நீடிக்கும் அதிர்வு தனக்குரிய அதிர்வெண்ணை மிகக் கண்டிப்பாகப் பார்க்கும். சிறிது விலகினாலும் ஏற்றுக்கொள்ளாது. அந்தக் கண்டிப்பே சாளரத்தின் குறுகலாகிறது, குறுகலே செங்குத்தாகிறது, செங்குத்தே தாமதமாகிறது. இதை இன்னும் நேரடியாகவும் சொல்லலாம். துடிப்பு வந்ததும் அதன் செய்தி ஆடியின் அதிர்வாக எழுதப்படுகிறது. சிறிது நேரம் அதிர்வாகவே தங்கியிருந்து, பிறகு கட்டுப்பாட்டுக் கற்றையின் உதவியால் மீண்டும் ஒளியாகி வெளியேறுகிறது. ஒளி எங்கும் தயங்கி நடக்கவில்லை. அதன் செய்தி இடையில் ஒளியாக இல்லாமல் அதிர்வாக இருந்தது. தாமதம் என்பது அந்தத் தங்கல் நேரமே.

கட்டுப்பாட்டுக் கற்றையின் வலிமையே இதில் நாம் திருகும் குமிழ். அது இல்லையெனில் சாளரமே இல்லை. மெல்ல ஏற்றினால் சாளரம் திறக்கும், தாமதம் கூடும். மேலும் ஏற்றினால் அதிர்விலிருந்து ஒளிக்கு ஆற்றல் விரைவாக இறங்கத் தொடங்கும். தங்கல் நேரம் குறையும், சாளரம் அகலும், தாமதமும் குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே வேண்டிய தாமதத்தைத் தெரிவு செய்துகொள்ளலாம். துடிப்பு அதிர்வாக மாறியிருக்கும் தருணத்தில் கட்டுப்பாட்டுக் கற்றையையே அணைத்துவிட்டால் செய்தி அதிர்விலேயே தங்கிவிடும். மீண்டும் ஏற்றினால் வெளிவரும். சிலிக்காவால் ஆன ஒரு நுண்ணதிர்வியில் இத்தகைய சேமிப்பை 2011இல் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சாளரத்தை முதலில் 2010இல் சிலிக்கா வளையத்தில் கண்டவர்கள் தோபியாஸ் கிப்பன்பர்க்கின் குழுவினர். மறு ஆண்டு, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆஸ்கர் பெயின்டரின் குழு, துளையிட்ட நுண்சட்டம் ஒன்றை 8.7 கெல்வின் வரை (உறைநிலைக்குக் கீழே சுமார் 264 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்து, ஒளியின் மூலமே மாற்றியமைக்கக்கூடிய 50 நானோவினாடித் தாமதத்தை எட்டியது. 50 நானோவினாடி கேட்பதற்குச் சிறியது. ஆயினும் அந்த நேரத்தில் ஒளி கண்ணாடி இழையில் ஏறக்குறைய 10 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு இழையைச் சுருட்டி வைத்துப் பெற வேண்டிய தாமதத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு தருகிறது. கருவியின் நீளம் 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் வினாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று கிடைக்கும். ஆனால் அறைக்குள் ஒளி நேர்வழியில் நடப்பதில்லையாதலால், இங்கே வேகத்தைவிடத் தாமதத்தைச் சொல்வதே நேர்மையானது என்பது என் கருத்து. 2013இல் ஒளிக்குப் பதிலாக நுண்ணலைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்றில் தாமதம் 3 மில்லிவினாடி வரை எட்டியது. வெற்றிடத்தில் அதற்குள் ஒளி 900 கிலோமீட்டர் சென்றிருக்கும். டர்பனிலிருந்து நேர்கோட்டில் ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்பி வரும் வழியில் பெரும்பகுதியைக் கடந்திருக்கும்.

பெயின்டர் குழுவின் அதே ஆய்வில், துடிப்பின் உச்சி, அறையே இல்லாதிருந்தால் வந்திருக்கும் நேரத்தைவிட 1.4 மைக்ரோவினாடி முந்தி வந்ததும் பதிவானது. 2000ஆம் ஆண்டிலேயே சீசியம் ஆவியில் இதுபோன்ற முந்தலைக் கண்டிருந்தனர். இதைக் கேட்டு ஐன்ஸ்டீன் தோற்றார் என்று எழுதுவோர் உண்டு; அது தவறு. தைப்பூசக் காவடி ஊர்வலம் ஒன்றை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னால் வருபவர்கள் பலர் வழியிலே நின்றுவிட்டால், ஊர்வலத்தின் நடுப்பகுதி முன்னே தாவியதுபோல் தெரியும். ஆனால் ஒருவரும் விரைந்து நடக்கவில்லை, முதலில் செல்பவர் தம் இடத்திலேயே செல்கிறார். ஒளித்துடிப்பிலும் பிற்பகுதி மங்கி முற்பகுதி மேலோங்குவதால் உச்சி முன்னே வருகிறது. துடிப்பின் முதல் தொடக்கம் ஒருபோதும் வெற்றிட வேகத்தை மிஞ்சுவதில்லை என்பதை ஸோமர்ஃபெல்டும் பிரில்வானும் 1914இலேயே நிறுவிவிட்டார்கள்.

இந்த உத்திக்கு இரண்டு தடைகள் உண்டு. சாளரம் குறுகியதாக இருந்தால்தான் தாமதம் நீளும். ஆனால் குறுகிய சாளரத்தில் குறுகிய நேரத் துடிப்பு நுழையாது, ஏனெனில் நேரத்தில் குறுகிய துடிப்புக்குப் பரந்த அதிர்வெண் பட்டை தேவை. இதனால் ஓர் அறை ஒரு துடிப்பை ஏறக்குறைய அதன் சொந்த நீளத்துக்கு மேல் தாமதிக்க முடிவதில்லை. மற்றத் தடை வெப்பம். பெயின்டரின் சட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 375 கோடி முறை அதிர்வது. அவ்வளவு விரைவான அதிர்விலும் அறை வெப்பத்தில் சராசரியாக 1,600க்கு மேற்பட்ட அதிர்வுத் துகள்கள் (அதிர்வாற்றலின் மிகச் சிறிய கூறுகள்) தாமாகவே இருந்துகொண்டிருக்கும். 8.7 கெல்வினில் அது ஐம்பதுக்கும் சற்றுக் கீழே இறங்கும். வலிமையான துடிப்புக்கு இந்த இரைச்சல் பொருட்டல்ல. ஒரே ஓர் ஒளித்துகளில் எழுதிய செய்திக்கோ இது மூழ்கடிக்கும் வெள்ளம்; அதற்கு ஒரு கெல்வினில் நூற்றில் ஒரு பங்கு வரை குளிர்விக்க வேண்டியிருக்கும்.

ஒற்றை ஒளித்துகள் நமக்கு அயலான பொருள் அன்று. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது டர்பனின் மோசஸ் மபிடா அரங்கின் தகவல் தொடர்பில், ஒற்றை ஒளித்துகள்களைக் கொண்டு இரகசியம் காக்கும் குவாண்டம் மறைகுறியீடு பயன்படுத்தப்பட்டது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் பங்கு கொண்டனர். அத்தகைய தொடர்பில் ஒளித்துகளை நகலெடுக்க இயற்கை விதி இடந்தருவதில்லை; ஆகவே சாதாரணச் செய்தியை வழியில் பெருக்கி அனுப்புவதுபோல் அதைச் செய்ய இயலாது. இழையில் ஒளி மெல்ல மெல்லக் குறைந்து, சில நூறு கிலோமீட்டருக்குள் துகள்கள் அநேகமாக அற்றுப்போகும். இடையிடையே நிலையங்களை அமைத்து, ஒரு பக்கத்துத் துகள் வந்து சேரும் வரை மறுபக்கத்துத் துகளின் நிலையைக் கலையாமல் காத்து வைக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அதிர்வால் தர முடியுமா என்பதே இத்துறையில் உழைப்போரை ஈர்க்கும் கேள்விகளுள் ஒன்று. ஒரே அறைக்குப் பதிலாக இத்தகைய அறைகள் பலவற்றை ஒரே சிலிக்கன் தகட்டில் வரிசையாகச் செதுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துடிப்பைக் கைமாற்றினால், துடிப்பு தன் நீளத்தைப்போல் பன்மடங்கு தாமதிக்கும் என்றும், எல்லா அறைகளின் கட்டுப்பாட்டு ஒளியையும் ஒருசேரத் தணித்தால் அது அந்த வரிசைக்குள்ளேயே நின்றுவிடும் என்றும் 2011இல் வெளிவந்த கணக்கீடு ஒன்று காட்டியிருக்கிறது.